திரும்பி வருவான், ஆனா எப்பன்னு கேக்காதீங்க

செமஸ்டர் லீவுக்கு மலேசியாவுல பேராக் மாநிலத்துல இருக்கற எங்க ஊரு ஊத்தான் மெலிந்தாங் வந்தா எனக்குப் பெருசா வேல ஒன்னும் இருக்காது, அம்மாவோட பசாருக்குப் போறது, தம்பிய டியூஷன்ல கொண்டு விடறது, அவ்ளோதான். இந்தத் தடவ அந்த லீவுலயே ஐரோப்பாவுல ஒரு யுனிவர்சிட்டி ஆன்லைன்ல நடத்துன மேத்ஸ் சம்மர் ஸ்கூல்ல எடம் கெடச்சுது. தலைப்பு ப்ராபபிலிட்டி, அதாவது நிகழ்தகவு. அங்க காலைல 9 மணின்னா நமக்கு மத்தியானம் 3 மணி, அதனால லெக்சர் எல்லாம் சாயந்தரத்துக்குள்ள முடிஞ்சுரும், கணக்குப் போடற செஷன் மட்டும் ராத்திரி 10 மணிக்கு மேல இழுக்கும். பக்கத்து வீட்டு சீரியல் சத்தம் ஒரு பக்கம், "யாரோட இவ்ளோ நேரம் இங்கிலீஷ்ல பேசற" அப்டின்னு அம்மா ஒரு பக்கம்.

நான் படிக்கறது ஸ்டாடிஸ்டிக்ஸ். மேத்ஸும் அதுவும் ஒன்னுதானேன்னு சொந்தக்காரங்க கேப்பாங்க, நானும் அப்டித்தான் தலையாட்டுவேன், வெளக்கிட்டு இருந்தா சாப்பாடு ஆறிடும். எங்க கிளாஸ்ல டேட்டா கைக்கு வந்தா மொதல்ல சராசரி, அடுத்து டேட்டா எவ்ளோ சிதறியிருக்குன்னு காட்டற ஸ்டாண்டர்ட் டீவியேஷன், நெசமா வித்தியாசமே இல்லன்னா இப்டி ஒரு ரிசல்ட் வர எவ்ளோ வாய்ப்புன்னு சொல்ற பி-வேல்யூ 0.05க்குக் கீழ வந்துட்டா எல்லாருக்கும் சந்தோஷம். இங்க மொத நாளே லெக்சரர் கேட்டது, இந்த சராசரின்னு ஒன்னு இருக்கா இல்லயான்னு மொதல்ல காட்டுங்க. எனக்கு சிரிப்புதான் வந்துச்சு, கூட்டி வகுத்தா வரப்போகுது, இதுல என்ன இருக்கா இல்லயா.

நடுவுல ப்ராபபிலிட்டிக்கு கோல்மோகோரோவ்ங்கற ரஷ்யக் கணித அறிஞர் 1933ல போட்ட அடித்தளம், சிக்மா அல்ஜீப்ரா, மெஷர் எல்லாம் ஓடுச்சு. பாதி புரிஞ்சுது, மீதிய ரெக்கார்டிங் போட்டுப் பாத்தேன், அதப் பத்தி இங்க எழுத ஒன்னும் இல்ல.

ஆனா ரேண்டம் வாக் வந்த அன்னிக்கு நான் நிமிந்து உக்காந்தேன். 1921ல போல்யாங்கற கணித அறிஞர் நிரூபிச்சது. எல்லையே இல்லாத கட்டம் போட்ட தரையில ஒருத்தன் ஒவ்வொரு அடியும் எந்தப் பக்கம்னு குலுக்கிப் போட்டு நடக்கறான்னா, என்னிக்காவது ஒரு நாள் கெளம்புன எடத்துக்குக் கட்டாயம் திரும்பி வந்துருவான், ப்ராபபிலிட்டி 1. அதே ஆளு மேல கீழயும் போகலாம்னு மூனு பரிமாணம் குடுத்தா திரும்பி வர வாய்ப்பு வெறும் 0.34 கிட்டதான். போல்யாவுக்கு இது தோணுனதே சூரிச் பக்கத்துல காட்டுல நடக்கறப்ப ஒரு ஸ்டூடண்டயும் அவனுக்கு நிச்சயமான பொண்ணயும் திரும்பத் திரும்பப் பாத்து, வேணும்னே பின்னால வர்றான்னு நெனச்சுருவாங்களோன்னு சங்கடப்பட்டதுலதானாம், அவரே சொல்லிருக்காரு. ப்ரூஃபும் எட்டாத உயரத்துல இல்ல. கெளம்புன எடத்த மொத்தம் சராசரியா எத்தனை தடவ தொடுவான்னு கூட்டிப் பாத்தா, தரையில 1/2, 1/3, 1/4 மாதிரி போற தொடர் வருது, படிவம் ஆறுலயே பாத்ததுதான், கூட்டக் கூட்ட எல்லையே இல்லாம ஏறும், அதாவது திரும்பி வந்துக்கிட்டே இருப்பான். மூனு பரிமாணத்துல ஒவ்வொரு உறுப்பும் வேகமா சின்னதாயிடுது, கூட்டுத்தொக நின்னுடுது.

எங்க அப்பா செம்பனை எஸ்டேட்ல தண்டல், அதாவது வேலையாட்கள மேற்பார்க்கற மேஸ்திரி. ராத்திரி சாப்புடறப்ப என்னதான் படிக்கறன்னு கேட்டாரு, நான் செம்பனைய, எண்ணெய் எடுக்கற பனையத்தான், வெச்சே சொன்னேன். செம்பனை நடறது முக்கோணத்துல, 9 மீட்டர் இடைவெளின்னா ஒரு ஹெக்டருக்கு 143 மரம் வரும், நடுவுல இருக்கற எந்த மரத்த எடுத்தாலும் சுத்தி ஆறு மரம். கண்ணக் கட்டிட்டு ஒருத்தன் மரத்துக்கு மரம் பகடை போட்டுப் போறான், தோட்டத்துக்கு எல்லையே இல்லன்னு வெச்சுக்கங்க, அப்பயும் கெளம்புன மரத்துக்கே வந்துருவான் பா. அப்பா சோத்தப் பெசஞ்சுக்கிட்டே "எத்தன நாள்ல?"ன்னாரு. அங்கதான் சங்கதியே இருக்கு. வர்றது உறுதி, ஆனா வர்றதுக்கு ஆகற நேரத்தோட சராசரி முடிவிலி. "அப்ப அவனுக்கு யாரு சம்பளம் போடறது"ன்னு கேட்டுட்டு ரசம் ஊத்திக்கிட்டாரு.

ராத்திரியே ஆர்ங்கற (R) ஸ்டாடிஸ்டிக்ஸ் சாஃப்ட்வேர்ல இந்த நடைய சிமுலேஷனா ஓட்டுனேன். ஆயிரம் அடியில நிறுத்துனா ஒரு சராசரி, மில்லியன் அடி வரைக்கும் விட்டா அது எங்கயோ போயிடுச்சு, அதுவும் மில்லியன் அடி நடந்தும் சுமார் அஞ்சுல ஒருத்தன் இன்னும் வந்து சேரல. கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் ஒரு நம்பர் குடுத்துச்சு, எரர் மெசேஜ் ஒன்னும் இல்ல, பாக்க ஒழுங்கான நம்பர்தான். இதத்தான் சொல்ல வர்றேன், சாஃப்ட்வேர் எதுக்கும் இல்லன்னு சொல்லாது. சராசரின்னே ஒன்னு இல்லாத கோஷி டிஸ்ட்ரிபியூஷன்ல ஆயிரம் சாம்பிள் எடுத்து சராசரி பாத்தாலும் ஒரே ஒரு சாம்பிள் பாத்ததுக்கு மேல ஒரு பிரயோஜனமும் இல்ல, எங்க டெக்ஸ்ட் புக்ல அது ஓரமா ஒரு வரி.

அப்பா வேலயிலயும் சாம்பிளிங் இருக்கு. இன்னும் பழுக்காத கருப்புக் குலைய எண்ணுவாங்க, எல்லா மரத்தையும் இல்ல, இத்தனாவது நெரயில இத்தனாவது மரம்னு குறிச்சு வெச்சு. மகரந்தம் சேந்து குலை பழுக்க அஞ்சாறு மாசம் ஆகும், அதனால இப்ப எண்ணுனா வர்ற மாசங்கள்ல எவ்ளோ காய்ப்புன்னு ஒரு கணக்குக் கெடைக்கும். அங்க சராசரி போடறதுல பிரச்சன இல்ல, ஒரு மரம் எவ்ளோதான் காய்ச்சாலும் அதுக்கு ஒரு உச்சம் உண்டு. வெள்ள நஷ்டம், இன்சூரன்ஸ் கிளெய்ம் இதெல்லாம் அப்டி இல்ல, ஒரே ஒரு கேஸ் மொத்தத்தையும் தூக்கி சாப்புட்டுரும், அதுக்கும் கண்ண மூடிக்கிட்டு சராசரியும், சராசரிகள ஒப்பிடற டி-டெஸ்ட்டும் போடறோம்.

மேத்ஸ் பசங்களப் பத்தியும் சொல்லிடறேன். "இது தெளிவு"ன்னு ஒரு வரி எழுதுவாங்க, அந்தத் தெளிவ நாம எழுதிப் பாத்தா ரெண்டு பக்கம். ஆனா லெக்சரர் இத யாராவது படமா வரஞ்சு காட்டுங்கன்னப்ப எங்க குரூப்ல கோட் எழுதத் தெரிஞ்சது நான் மட்டும்தான், என்னோட ப்ளாட்ட ஸ்கிரீன்ல போட்டு ரொம்ப நேரம் பேசுனாங்க. பெருமைதான், மறைக்க மாட்டேன்.

இந்த மாதிரி சம்மர் ஸ்கூலுக்குப் போகலாமா அக்கான்னு ஜூனியர்ங்க கேக்கறீங்க. போங்க. ரியல் அனாலிசிஸ் ஒரு பேப்பராவது முடிச்சுட்டுப் போங்க, லிமிட்டும் தொடர் கூட்டறதும் கைப்பழக்கம் இல்லன்னா மொத வாரமே மூச்சு வாங்கும். லேப்டாப்ல ஆர் இருக்கட்டும், கணக்கு செஷன்ல மைக்க ஆன் பண்ணிப் பேசுங்க, இங்கிலீஷ் தடுமாறுனா பரவால்ல, எங்க குரூப்ல எல்லாருக்கும் தடுமாறுச்சு.