பாலாற்றுத் தண்ணீரும் நீராவி இன்ஜினும்

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வந்து சேர்ந்தது இன்றைய வாலாஜா ரோடுக்கு. 1855-இல் செய்த இ.ஐ.ஆர். 21 (ஈஸ்ட் இந்தியன் ரயில்வே) நீராவி இன்ஜினை 2010-இல் பெரம்பூர் லோகோ பணிமனை மறுபடி ஓட வைத்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், காட்பாடி வழியாக ஜோலார்பேட்டை வரை ஒரு நீராவி வண்டி விடலாமே என்று தோன்றும். விடலாம். ஆனால் பிஸ்டன், வால்வு, பெயின்ட் பற்றி யோசிக்கும் முன் தண்ணீரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வேலூர்ப் பக்கம் உப்பு 1,500 மி.கி. (லிட்டருக்கு), கடினத்தன்மை 600 என்று காட்டும் போர்வெல் அதிசயமில்லை. அந்தத் தண்ணீரில் 20,000 லிட்டர் ஆவியானால் 12 கிலோ சுண்ணாம்புச் சத்து பாய்லருக்குள் தங்கும். மொத்த உப்பு 30 கிலோ. பாய்லர் கொள்ளளவு 5,000 லிட்டர் என்று வைத்தால், முதலில் இருந்த 1,500-ஐயும் சேர்த்து உள்ளே இருக்கும் தண்ணீரின் உப்பு லிட்டருக்கு 7,500 மி.கி.யைத் தொடும். நுரையடக்கி மருந்து போடாத பாய்லர் 3,000, 4,000 தாண்டினாலே நுரைக்க ஆரம்பிக்கும்.

நுரைத்தால் நீராவியோடு தண்ணீரும் ரெகுலேட்டர் (நீராவியைத் திறந்துவிடும் வால்வு) வழியாக சிலிண்டருக்குப் போகும். தண்ணீர் அமுங்காது, சிலிண்டர் மூடி உடையும், அல்லது பிஸ்டனோடு இணைந்த ராடு வளையும். ஏற்றத்தில் ரெகுலேட்டரை அகலத் திறக்கும்போதுதான் இது அதிகம். ஜோலார்பேட்டை தாண்டி குப்பம் பக்கம் போக நினைப்பவர்கள் கவனிக்க. புகைபோக்கியில் அழுக்குத் தண்ணீர் தெறித்தால் உடனே ரெகுலேட்டரைக் குறைத்து, சிலிண்டர் வடிகுழாய்களைத் திறக்க வேண்டும். அந்த நேரத்தில் கேஜ் கிளாஸ் என்ற கண்ணாடிக் குழாய் காட்டும் நீர்மட்டத்தை நம்பக் கூடாது. நுரை மட்டத்தைத் தூக்கிக் காட்டும். நீராவியைக் குறைத்ததும் மட்டம் இறங்கி, கரி எரியும் பயர்பாக்ஸின் கூரை தண்ணீரின்றி வெறுமையாகிவிடும். அந்தக் கூரையில் பாதுகாப்புக்கு வைத்த ஈயப் பிளக் உருகுவது இப்படித்தான்.

கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னர் வைத்தால் தீர்ந்தது என்பார்கள். பாதிதான் தீரும். உப்புப் போட்டு ஓட்டும் சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைக் கொடுக்கிறது. பாய்லரில் சுண்ணாம்புச் செதில் படியாது, மொத்த உப்பு குறையாது, நுரையும் போகாது. ஆர்.ஓ. தண்ணீர் நல்லது, ஆனால் அப்படியே ஊற்றினால் கரைந்த ஆக்சிஜன் இரும்பில் குழி குழியாக அரிக்கும். காஸ்டிக் சோடா சேர்த்து பாய்லர் தண்ணீரின் பி.எச். 11-ஐ ஒட்டி நிற்க வேண்டும், ஆக்சிஜனை உறிஞ்ச டானின் (மரப்பட்டை போன்றவற்றில் உள்ள துவர்ப்புச் சத்து) வேண்டும்.

டானினுக்கு வெளியே அலைய வேண்டாம். ரயில் பொறியாளர்களான பிரான்சின் லூயி அர்மானும் அர்ஜென்டினாவின் போர்ட்டாவும் தங்கள் பாய்லர் மருந்தில் சேர்த்த டானின், ஆம்பூரும் பேரணாம்பட்டும் தோல் பதனிடப் பழகிய பொருள். பாலாற்று நிலத்தடி நீரைக் கெடுத்ததும் அதே தோல் தொழில் என்பது வேறு கதை. டானின் போதுமான பாய்லர் தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும். வெளுத்தால் இன்னும் போடு என்று பொருள். படியும் சேறு கெட்டியாகாமல் குழம்பாகவே அடியில் நிற்கும், அடியிலுள்ள வடிகால் வால்வான புளோடவுன் வால்வில் வெளியேறும். ரிவெட் அடித்த பழைய பாய்லர் என்றால் ஒரு எச்சரிக்கை: மூட்டில் கசிவு இருந்து, அங்கே காஸ்டிக் செறிந்தால் தகடு விரிசல் விடும். முதலில் கசிவை அடைக்க வேண்டும்.

பாய்லரின் உட்புறத்தைக் கழுவும் வாஷ்அவுட்டில் அவசரம் ஆகாது. பாய்லர் தானாக ஆறிய பிறகுதான் பிளக்குகளைக் கழற்றிப் பீய்ச்சி அடிக்க வேண்டும். சூட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் குழாய் முனைகள் தளரும், பயர்பாக்ஸ் தகடுகளைப் பிணைக்கும் ஸ்டே போல்ட் ஒடியும். ஸ்டேயின் நடுத்துளையில் ஈரம் கசிந்தால் அது ஒடிந்தது என்று அர்த்தம். துளையை அடைத்து மறைப்பவரை ஷெட்டுக்குள்ளேயே விடக் கூடாது. தீ மூட்டுவதும் அப்படியே: முழுக்க ஆறிய பாய்லரை ஒரு நாள் அளவுக்கு மெதுவாகச் சூடேற்ற வேண்டும்.

தண்ணீர் ஏற்றுவதிலும் சிக்கல் உண்டு. ஸ்டேஷன்களில் பழைய தண்ணீர்க் கம்பங்கள் இல்லை, தலைக்கு மேல் 25,000 வோல்ட் மின்கம்பி. டெண்டர் (இன்ஜினுக்குப் பின்னால் தண்ணீரும் கரியும் சுமக்கும் பெட்டி) மேல் ஏறி மூடி திறப்பதோ கரி தள்ளுவதோ கூடாது. டெண்டரின் கீழ்ப்பக்கத்தில் ஹோஸ் மாட்டும் வாய் ஒன்று பொருத்தி, தண்ணீர் லாரியிலிருந்து பம்ப் செய்வதுதான் வழி. லாரிக்காரர் எந்தக் கிணற்றில் பிடித்தார் என்று கேட்டு, உப்பளவு காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்த பிறகே ஹோஸை மாட்டுங்கள்.

ஓட்டம் முடிந்து மாதக்கணக்கில் நிறுத்துவதானால், வெதுவெதுப்பாக இருக்கும்போதே வடித்து மூடிகளைத் திறந்து முழுக்க உலர விடலாம்; அல்லது டானினும் காஸ்டிக்கும் கலந்த தண்ணீரை விளிம்புவரை நிரப்பலாம். பாதித் தண்ணீரோடு நிறுத்தினால் நீர்மட்டக் கோட்டில் துரு தின்றுவிடும்.