ஒரு ‘ள்’ கூடினால் கோப்பு திரும்பி வரும்: பளியர் பிள்ளைக்கு எஸ்.டி. சான்றிதழ் வாங்கிய கதை

பத்தாம் வகுப்பு படிக்கும் பளியர் என்ற மலைப் பழங்குடிப் பெண் ஒருத்திக்கு எஸ்.டி. சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. பதினோரு மாதம் ஆனது. இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டது அரை மணி நேர வேலை. மீதியெல்லாம் அலைச்சல்.

முதல் அடி செல்போன் எண்ணால் விழுந்தது. குடியிருப்பில் சிக்னல் கிடையாது. அதனால் இ-சேவையில் விண்ணப்பிக்கத் தேவையான குடிமக்கள் கணக்கு எண் எடுக்கும்போது எஸ்டேட் கங்காணியின் எண்ணைக் கொடுத்திருந்தார்கள். ‘கூடுதல் ஆவணம் தேவை’ என்ற குறுஞ்செய்தி அவருக்குப் போனது, அவர் பார்க்கவில்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. தினமும் கையில் எடுத்துப் பார்க்கும் ஒருவரின் எண்ணைக் கொடுங்கள். குடும்பத்தில் யாரிடமும் போன் இல்லையென்றால் பள்ளி ஆசிரியரைக் கேளுங்கள்.

இரண்டாவது அடி எழுத்தால் விழுந்தது. ஊரில் எல்லாரும் சொல்வது பளியர். அரசுப் பட்டியலில் இருப்பதோ பள்ளேயன், பள்ளியன், பள்ளியர் என்று மூன்று தனித்தனி வரிகள். பெண்ணின் அப்பாவுடைய பழைய சான்று அட்டையில் ‘பள்ளியன்’, கூடப் போன நாங்கள் விண்ணப்பத்தில் தேர்ந்தெடுத்தது ‘பள்ளியர்’. ஆள் ஒன்றுதான், இனம் ஒன்றுதான், கோப்பு மட்டும் திரும்பி வந்தது. இதில் எது சரியான பெயர் என்று ஆராயாதீர்கள். தந்தைவழி உறவினரின் சான்றில் எந்த வரி இருக்கிறதோ அதையே எழுத்து மாறாமல் போடுங்கள்.

இதைவிட மோசம், பள்ளிச் சேர்க்கையின்போது யாரோ காதில் விழுந்தபடி ‘பள்ளர்’ என்று எழுதிவிடுவது. அது எஸ்.சி. பட்டியலில் உள்ள வேறு சாதி. இந்தப் பெண்ணின் பதிவேட்டிலும் அப்படித்தான் இருந்தது. திருத்தச் சொன்னால் பள்ளிக்கூடம் சான்றிதழ் கேட்கிறது. சான்றிதழ் கேட்டால் அலுவலகம் பள்ளிப் பதிவைக் காட்டச் சொல்கிறது. செக்குமாடு மாதிரி இரண்டு முறை சுற்றிவந்த பிறகு, பள்ளிப் பதிவை நம்பாமல் தந்தைவழி ரத்த உறவை மட்டும் பிடித்துக்கொண்டோம். தாத்தா, அவருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று வம்சாவளியை ஒரே தாளில் எழுதி, சான்று வைத்திருப்பவர் பெயருக்கு நேராக அதன் எண்ணையும் தேதியையும் குறித்தோம்.

தேதிதான் அடுத்த சிக்கல். 11.11.1989-க்குப் பிறகு எஸ்.டி. சான்று தரும் அதிகாரம் கோட்டாட்சியருக்கு உரியது. அதற்குப் பின் தாசில்தார் கொடுத்தது செல்லாது. அப்பா பத்திரமாக வைத்திருந்தது தாசில்தார் கையெழுத்திட்ட அட்டை. பிளாஸ்டிக் உறைக்குள் அடுப்புப் புகை ஏறிப் பழுப்பாகியிருந்தது. முத்திரையில் 1989 தெரிகிறது, மாதம் இருந்த இடத்தில் ஈரம் பட்டு மை பரவிக் கிடக்கிறது. எழுத்தர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது நவம்பருக்கு முன்னாடின்னு நான் எப்படி எழுதறது?” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதைப் போன வாரமே சொல்லியிருந்தால் ஒரு நாள் கூலி மிஞ்சியிருக்கும். கடைசியில் பெரியப்பா மகனுக்குக் கோட்டாட்சியரே கொடுத்த சான்று காப்பாற்றியது. மலையின் மறுசரிவில், வேறு தாலுகாவில் இருந்தார். பளியர் குடும்பங்கள் பழனி மலை, வருசநாடு, சதுரகிரி என்று சிதறிக் கிடப்பதால், முதலில் தேடவேண்டியது இப்படி ஒரு உறவினரைத்தான்.

நேரடி விசாரணையில் குலதெய்வம், கல்யாண முறை, தொழில் எல்லாம் கேட்பார்கள். வள்ளிக்கிழங்கு தோண்டுவது, தேன் எடுப்பது பற்றிக் கேட்டபோது பெண்ணின் பாட்டி கையாலேயே குழி தோண்டிக் காட்டினார். பதில்கள் தடையில்லாமல் வந்தன. “உங்களுக்குன்னு தனி பாஷை உண்டா?” என்ற கேள்வியில்தான் தடுமாற்றம். பளியர் பேசுவது தமிழ். ‘தமிழ் மட்டுமே பேசுகிறார்’ என்று சந்தேகக் குறிப்பு விழுந்தது. இப்படிப்பட்ட இனத்தொடர்புச் சோதனை எல்லாவற்றுக்கும் உரைகல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது. அதை ஒரு பத்தியில் எழுதி, வம்சாவளியோடு இணைத்துக் கொடுத்தோம். அதன் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.

இத்தனைக்கும் மேலே ஒரு விஷயம் உண்டு, அது எந்தப் படிவத்திலும் வராது. 1960-களில் பளியரோடு தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் குறித்து வைத்ததுதான்: யாரையும் தாழ்த்தக் கூடாது, மனத்தாங்கல் வந்தால் மோதாமல் விலகிவிட வேண்டும். கவுன்டரில் ஒருவர் குரலை உயர்த்தினால் பளியர் பதிலுக்குச் சத்தம் போடமாட்டார், பேசாமல் எழுந்து வெளியே போய்விடுவார். அப்படி இரண்டு முறை அப்பா எழுந்து போனார். கோப்பில் ‘மனுதாரர் ஆஜராகவில்லை’ என்று ஏறியது. கூடப் போகிறவர்கள் சண்டை போடவேண்டாம், அவருக்கு அதுவும் கூச்சமாக இருக்கும். வந்த தேதியையும் நேரத்தையும் எழுதிய மனுவைக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அதுவும் நடக்கவில்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள், மனு எண் கிடைக்கும். எங்கள் கோப்பு அசைந்தது அந்த எண்ணுக்குப் பிறகுதான்.

இந்தத் தாள் கல்வி உதவித்தொகைக்கு மட்டும் இல்லை. 2006 வன உரிமைச் சட்டத்தில் எஸ்.டி. என்றால் 13.12.2005-க்கு முன்பிருந்தே நிலம் அனுபவத்தில் இருந்ததைக் காட்டவேண்டும். சான்று இல்லாவிட்டால் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு வனத்தில் வாழ்ந்ததை நிரூபிக்கச் சொல்வார்கள். புடவிலும் (பாறைக் குகையிலும்) எஸ்டேட் லயத்திலும் மாறி மாறி இருந்த குடும்பம் அதற்கு எங்கே போகும்?

அச்செடுத்ததும் அங்கேயே நின்று தலைப்பெழுத்தையும் இனத்தின் எழுத்தையும் சரிபாருங்கள். எங்களுக்கு இரண்டும் சரியாக இருந்தன. பள்ளிப் பதிவேட்டில் மட்டும் இன்னும் ‘பள்ளர்’ என்றே இருக்கிறது. தலைமையாசிரியர் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.