எங்கள் வீட்டுக்கு யார் வர வேண்டும் என்று நகர மன்றத்திடம் கேட்ட அனுபவம்

2020 அக்டோபரில் ஓர் இரவு, என் மகனுக்காக முதன்முறையாக அமெரிக்காவின் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தேன். அப்போது அவனுக்கு வயது 20. இருதுருவ மனநோய் என்று மருத்துவர்கள் கண்டறிந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. மூன்று வாரமாக அவன் மாத்திரை எடுத்துக்கொள்ளவில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. நான்கு இரவுகளாகத் தூங்காதவன், அன்று சமையலறையில் நின்று உரத்த குரலில் பேசிக்கொண்டே அலமாரியிலிருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தரையில் எறிந்துகொண்டிருந்தான். எங்கள் யாரையும் அவன் தொடவில்லை. "கத்துகிறான், பொருட்களை உடைக்கிறான், உடனே உதவி வேண்டும்" என்று தொலைபேசியில் சொன்னேன். நான் மனத்தில் வைத்துக் கேட்டது மருத்துவ உதவி. வந்து நின்றவை இரண்டு காவல் வாகனங்கள்.

கதவைத் திறந்ததும் கைவிளக்கின் வெளிச்சம் நேராக அவன் முகத்தில் விழுந்தது. அவன் கையில் ஓர் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. அந்த வெளிச்சத்தில் அது பளபளத்தது. "கையில் இருப்பதைக் கீழே போடு" என்று ஒரு காவலர் இரண்டு முறை கத்தினார், இன்னொருவரின் கை இடுப்புக்குப் போனது. "போட்டுடுப்பா கண்ணா, போட்டுடு" என்று என் மனைவி தமிழில் அலறினாள். டம்ளர் விழுந்து, உருண்டு, அடுப்பின் காலில் முட்டி நின்ற ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது. விலங்கு பூட்டித்தான் அவனை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மணிக்கட்டில் இருந்த தடம் மறைய ஒரு வாரம் ஆயிற்று. அதைவிட அதிகம் எங்களுக்கு நடக்கவில்லை என்பதற்கு நான் நன்றியுடையவன். அமெரிக்காவில் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்படுவோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மனநோய் உள்ளவராக அறியப்பட்டவர் என்று வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் பல ஆண்டுகள் தொகுத்த தரவு சொல்கிறது. அதை நான் படித்தது அதற்குப் பிறகுதான்.

எங்கள் நகரத்தின் பெயரை மகனின் பொருட்டு இங்கே எழுதவில்லை. நடுமேற்குப் பகுதியில் உள்ள நடுத்தர அளவிலான நகரம் என்று மட்டும் சொல்கிறேன்.

அன்று வந்த காவலர்களைக் குறை சொல்ல நான் விரும்பவில்லை. இரண்டு மாதம் கழித்து, பொது ஆவணச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்து அந்த அழைப்பின் பதிவை வாங்கிப் பார்த்தேன். அதில் எங்கள் வீட்டு அழைப்புக்கு இடப்பட்டிருந்த குறியீடு "அமைதிக் குலைவு". மனநலம் என்ற சொல் அந்தத் தாளில் எங்கும் இல்லை, ஏனென்றால் அதை நான் சொல்லவே இல்லை, என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. அந்தக் குறியீட்டைப் படித்துக்கொண்டு வந்தவர்கள் வேறெப்படி வந்திருக்க முடியும்?

மனநோய் உள்ளவர்களின் குடும்பங்கள் மாதம் ஒருமுறை கூடும் ஒரு குழுவில் நானும் மனைவியும் சேர்ந்தோம். நம்மவர் வட்டத்தில் இதைப் பேசத் தயங்கிய நாங்கள், அந்நியர்கள் நடுவில்தான் முதலில் வாய் திறந்தோம். ஓரிகான் மாநிலத்தின் யூஜீன் நகரில் 1989 முதல், காவலருக்குப் பதிலாக ஒரு மருத்துவ உதவியாளரும் ஒரு நெருக்கடிப் பணியாளரும் வேனில் வரும் ஏற்பாடு இருந்தது என்பதை அங்கேதான் அறிந்தேன். ககூட்ஸ் என்பது அதன் பெயர். டென்வர் நகரம் 2020 ஜூனில் ஸ்டார் என்ற பெயரில் அதேபோன்ற ஒன்றைத் தொடங்கியிருந்தது. முதல் ஆறு மாதத்தில் அந்தக் குழு சென்ற 748 அழைப்புகளில் ஒன்றுகூடக் கைதில் முடியவில்லை. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் 2021 ஏப்ரலில் நகர மன்றக் கூட்டத்துக்குப் போனேன்.

பொதுமக்கள் கருத்துரைக்கு ஒருவருக்கு மூன்று நிமிடம். மேடையில் ஒரு சிறு விளக்கு பச்சையில் தொடங்கி, மஞ்சளாகி, சிவப்பாகும். முதல் முறை, மகனுக்கு நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் சிவப்பு எரிந்துவிட்டது, என்ன வேண்டும் என்று கேட்கவே இல்லை. உறுப்பினர்கள் உருக்கமாகத்தான் கேட்டார்கள். ஆனால் உருக்கத்தை வைத்து அவர்கள் எதன்மீதும் வாக்களிக்க முடியாது. அடுத்த கூட்டத்தில் கதையை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டு, மீதி இரண்டு நிமிடத்தில் மூன்று கேள்விகள் கேட்டேன்: 911 மையத்தில் எந்தெந்தக் குறியீட்டு அழைப்புகளுக்குக் காவலர் இல்லாத குழுவை அனுப்பலாம், எந்த நேரங்களில் அந்தக் குழு பணியில் இருக்கும், அதற்கான பணம் எந்தத் தலைப்பிலிருந்து வரும். அன்றுதான் ஓர் உறுப்பினரின் உதவியாளர் வெளியே வந்து என் தொலைபேசி எண்ணைக் கேட்டார்.

எதிர்ப்பு காவல்துறையிடமிருந்துதான் வரும் என்று நினைத்திருந்தேன். அது தவறான கணிப்பு. இதை ஆராய நகரம் அமைத்த பணிக்குழுவில் இருந்த மூத்த காவலர் ஒருவர், தம் ஆட்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவில் நோயாளியோடு மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருப்பதை எடுத்துச் சொல்லி, இது தங்களுக்கும் வேண்டிய ஏற்பாடு என்றே பேசினார். மனநல நெருக்கடிகளைக் கையாள 40 மணி நேரச் சிறப்புப் பயிற்சி பெற்ற காவலர்கள் தம்மிடம் இருந்தாலும், சீருடையும் துப்பாக்கியுமாக ஒருவர் வாசலில் நிற்பதே சிலருக்கு நோயைக் கூட்டிவிடுகிறது என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். தயக்கம் வந்தது 911 மையத்தில் அழைப்பை எடுப்பவர்களிடமிருந்து. தொலைபேசியில் சில நொடிகளில் முடிவெடுத்து, ஆயுதமற்ற இருவரை ஒரு வீட்டுக்குள் அனுப்பி, அங்கே ஏதாவது ஆகிவிட்டால் பொறுப்பு யாருடையது என்று அவர்கள் கேட்டார்கள். மிகவும் நியாயமான கேள்வி. அதற்கு விடை காண ஏழு மாதம் ஆயிற்று. ஆயுதம் உண்டா, யாருக்காவது காயம் உண்டா, குழந்தைகள் உள்ளே இருக்கிறார்களா, அவர் தற்போது சிகிச்சையில் இருக்கிறாரா என்று கேட்க வேண்டிய கேள்விகளை வரிசைப்படுத்தி, நகர வழக்கறிஞர் ஒப்புதல் தந்து, எழுத்து வடிவில் நடைமுறை வந்த பிறகுதான் அவர்கள் சம்மதித்தார்கள். வட கரோலினாவின் டர்ஹம் நகரம் 2022 ஜூனில் தொடங்கிய ஏற்பாட்டில் மனநல ஆலோசகர்களையே 911 மையத்துக்குள் உட்கார வைத்திருந்தது, எங்கள் மையமும் பின்னாளில் அதைப் பின்பற்றி ஒருவரை நியமித்தது. வேனைவிட அந்த ஒரு நாற்காலி முக்கியம் என்பது என் கருத்து.

பணத்தைப் பற்றி மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். தொழிலால் நான் கணக்காளன். கொரோனா கால நிவாரணமாக 2021 மார்ச்சில் நிறைவேறிய அமெரிக்க மீட்புத் திட்டச் சட்டத்தின்கீழ் எல்லா நகரங்களுக்கும் கூட்டாட்சி நிதி வந்தபோது, எங்கள் மன்றம் அதிலிருந்து ஒரு பகுதியை முன்னோட்டத் திட்டத்துக்கு ஒதுக்கியது. எல்லாரும் கைதட்டினார்கள். அந்தப் பணத்தை 2024 முடிவதற்குள் ஒப்பந்தப்படுத்தி, 2026 முடிவதற்குள் செலவழித்தாக வேண்டும். ஒருமுறை வரும் பணத்தில் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய சம்பளத்தை ஏற்றினால் என்ன ஆகும் என்பது என் மேசையில் நான் நாள்தோறும் பார்ப்பது. டென்வர் மக்கள் 2018-லேயே வாக்களித்து, 100 டாலருக்கு 25 சென்ட் என்ற விற்பனை வரியை மனநலத்துக்கென்றே விதித்துக்கொண்டார்கள். ஸ்டார் நிலைத்து வளர அந்த நிதியும் கைகொடுத்தது. மறுபுறம், நாடே முன்மாதிரியாகக் காட்டிய ககூட்ஸ், 35 ஆண்டுகளுக்கும் மேல் ஓடியபின், 2025 ஏப்ரலில் யூஜீனில் நின்றுபோனது. அந்தச் செய்தியை நான் படித்த அன்று வேலையே ஓடவில்லை.

எங்கள் நகரத்தின் குழு 2022 நவம்பரில் பணியைத் தொடங்கியது. திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை.

2023 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு மகனுக்கு மீண்டும் நோய் முற்றியது. குழு பணியில் இல்லாத நேரம். மனநல நெருக்கடி உதவிக்கென முந்தைய ஜூலையில் நாடு முழுவதும் தொடங்கப்பட்ட 988 எண்ணை அழைத்தேன். அன்போடு பேசிய அந்தப் பெண் டெக்சாஸில் இருந்தார். நாங்கள் அங்கிருந்து குடிபெயர்ந்து எட்டு ஆண்டாகியும் கைபேசி எண்ணை மாற்றவில்லை, அப்போது 988 அழைப்புகள் எண்ணின் முதல் மூன்று இலக்கத்தைப் பார்த்தே திருப்பப்பட்டன. கைபேசி இருக்கும் இடத்தை ஒட்டித் திருப்பும் முறை 2024-இல்தான் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. எங்கள் நகரத்தில் யாரை அனுப்புவது என்று அவரால் சொல்ல முடியவில்லை. அன்றும் காவலர்கள்தான் வந்தார்கள். இம்முறை என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்ததால் விலங்கு பூட்டவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு. மறுவாரமே மன்றத்தில் என் மூன்று நிமிடத்தைக் கேட்டு வாங்கி, அந்த ஞாயிற்றுக்கிழமையை மணி வாரியாக அவர்கள் முன் வைத்தேன். மாலை ஆறு மணிக்கு நோய் கடையடைத்துவிடுவதில்லை என்று சொன்னபோது குரல் உடைந்தது, மறைக்கவில்லை.

வேலை நேரம் இரவு 10 மணி வரையும் வார இறுதிக்கும் நீள மேலும் ஓராண்டு ஆயிற்று. மருத்துவ உதவித் திட்டமான மெடிகெய்டின்கீழ், நிபந்தனைகளுக்கு உட்பட்ட நடமாடும் நெருக்கடிச் சேவைக்கு முதல் மூன்று ஆண்டுகள் 85 விழுக்காடு வரை கூட்டாட்சி அரசே ஏற்கும் என்ற வாய்ப்பு இருந்தது. மாநில அரசு அதற்கு இசைந்ததும் நகரத்தின் சுமை சற்றுக் குறைந்தது. அந்தச் சலுகையைப் பெற, சேவை ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் இயங்க வேண்டும் என்பதால், இரவு நேரத்துக்கு மாவட்ட மனநல அமைப்போடு நகரம் ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்த ஒப்பந்தத்தின் இரவுப் பகுதி இன்னும் பலவீனமாகத்தான் இருக்கிறது. நகரின் வடபகுதிக்கு அவர்கள் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது.

மூன்றாவது அழைப்பு 2024 ஆகஸ்டில், ஒரு சனிக்கிழமை மாலை. வெளிநாட்டில் இந்த நிலையில் தவிக்கும் நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால், அன்று நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இது மனநல நெருக்கடி. என் மகன், வயது 24, இருதுருவ மனநோய் உண்டு. அவனிடம் ஆயுதம் எதுவும் இல்லை, வீட்டில் துப்பாக்கி இல்லை, யாருக்கும் காயம் இல்லை. நெருக்கடிக் குழுவை அனுப்புங்கள்." அவன் சாப்பிடும் மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய தாள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து வாசித்தேன். ஆங்கிலம் வராத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், "தமிழ்" என்ற ஒரு சொல்லை ஆங்கில உச்சரிப்பில் சொல்லக் கற்றுக்கொடுங்கள். பெரும்பாலான 911 மையங்களில் தொலைபேசி வழி மொழிபெயர்ப்பாளரை இணைக்கும் வசதி உண்டு.

சைரன் இல்லாமல் ஒரு வேன் வந்தது. சாதாரணச் சட்டை அணிந்த இருவர், ஒரு பெண் ஆலோசகரும் ஓர் இளைஞரும். வாசலில் எங்கள் செருப்புகளைப் பார்த்த அந்தப் பெண், தானும் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மகன் நின்ற இடத்திலிருந்து ஆறடி தள்ளித் தரையில் உட்கார்ந்துகொண்டார். பத்து நிமிடம் அவர் எதுவுமே கேட்கவில்லை. அவன் பேசிக்கொண்டே இருந்தான். பிறகு அவனும் உட்கார்ந்தான். அந்த இளைஞர், தனக்கும் இதே நோய் உண்டு என்றும் எந்த மருந்து தனக்குத் தூக்கத்தைத் தந்தது என்றும் சொன்னார். ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து, மகன் தானே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வேனில் ஏறினான். மூன்றாம் நாள் அவர்களிடமிருந்து தொலைபேசி வந்தது, அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்க.

அந்தக் குழுவின் பகல் பணியாளர்களின் சம்பளம் இப்போது நகரத்தின் பொது நிதியில், ஆண்டுதோறும் தொடரும் செலவாக ஏறியிருக்கிறது. இரவுப் பணிக்கு அப்படி இல்லை. அடுத்த நிதியாண்டின் வரவு செலவுத் திட்ட வரைவு மன்றத்துக்கு வரும் நாளைக் குறித்து வைத்திருக்கிறேன். இம்முறை என்னோடு பேச மகனும் பெயர் கொடுத்திருக்கிறான்.