2023: ஒரே அறையில் இரண்டு கட்சி

2023 செப்டம்பர் 13ஆம் தேதி காலை நான் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது யாரும் அவரவர் சீட்டில் இல்லை. சென்னைப் பெருங்குடியில் ஒரு வீட்டின் இரண்டாவது மாடிதான் எங்கள் அலுவலகம். மொத்தம் பதினோரு பேர். எல்லோரும் ஒரே மானிட்டரைச் சுற்றி நின்றிருந்தார்கள். யூனிட்டி நிறுவனம் முந்தைய நாள் வெளியிட்ட அறிவிப்பு அதில் திறந்திருந்தது. 2024 ஜனவரி 1 முதல், அவர்களுடைய எஞ்சினில், அதாவது கேம் உருவாக்கும் மென்பொருளில், செய்த கேம் ஒரு அளவைத் தாண்டி வளர்ந்துவிட்டால், அதன்பின் ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம்.

நாங்கள் செய்வது மொபைல் கேம்கள். எல்லாமே யூனிட்டியில்தான். எனக்கு வேறு எஞ்சினே தெரியாது.

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எங்களிடம் இருந்த சாதாரண லைசென்ஸுக்கு, கடைசி 12 மாதங்களில் 2 லட்சம் டாலர் வருமானம், மொத்தம் 2 லட்சம் இன்ஸ்டால், இரண்டையும் தாண்டினால்தான் கட்டணம் தொடங்கும். அமெரிக்கா போன்ற நாடுகளில் ஒரு இன்ஸ்டாலுக்கு 20 சென்ட், நம் நாடு போன்றவற்றில் 2 சென்ட். அதாவது ஒன்றரை ரூபாய்க்கும் சற்று அதிகம். விளம்பரத்தை நம்பி இலவசமாகத் தரும் கேமை ஒருவர் இறக்கி, ஒரு நாள் விளையாடிவிட்டு அழித்தால், அவரால் அந்த ஒன்றரை ரூபாய்கூட எங்களுக்கு வராது. ஆனால் எங்கள் வருமானம் அந்த 2 லட்சம் டாலரின் பக்கத்தில்கூட இல்லை. "நமக்கு இது வராது, வேலையைப் பாருங்கள்" என்றேன்.

எனக்குப் பக்கத்து சீட்டில் இருந்த தம்பி திரும்பிப் பார்த்தான். எங்களில் வயதில் சிறியவன், ஆனால் கோடிங்கில் எல்லோரையும்விடக் கெட்டி. "வருதா வராதாங்கிறது இல்லண்ணா. மூணு வருஷமா ஒரு பேச்சை நம்பி வேலை பாத்தோம். நடுவுல வந்து பேச்சை மாத்துறாங்க. ஏற்கெனவே வெளிவந்த கேமுக்கும் சேர்த்து. நாளைக்கு வேற எதை மாத்துவாங்க?"

அன்றிலிருந்து அறை இரண்டாகப் பிரிந்தது. யூனிட்டியை விட்டு, யார் கையிலும் சிக்காத, யாரும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய திறந்த மூல எஞ்சினான கோடோட்டுக்குப் போக வேண்டும் என்று நான்கு பேர். பாதியில் நிற்கும் கேமை யார் முடிப்பது என்று மற்றவர்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றாக டப்பா திறந்தவர்கள் தனித்தனியாகப் போனார்கள். வெளியிலும் இதே சண்டைதான். டெராரியா கேமைச் செய்த ரீ-லாஜிக், கோடோட்டுக்கும், கேம் செய்வதற்கான இன்னொரு திறந்த மூலக் கருவியான எஃப்.என்.ஏ.வுக்கும் தலா 1 லட்சம் டாலர் கொடுத்தது. மிரட்டல் வந்ததால் யூனிட்டியின் சில அலுவலகங்களையே மூட வேண்டியிருந்தது. அது எனக்கு மிகவும் வலித்தது. அங்கே சீட்டில் உட்கார்ந்திருப்பவர்களும் எங்களைப் போன்றவர்கள்தான். கட்டணத்தை முடிவு செய்தது அவர்கள் இல்லை.

செப்டம்பர் 22ஆம் தேதி யூனிட்டி இறங்கி வந்தது. சாதாரண லைசென்ஸுக்குக் கட்டணம் இல்லை, பழைய வெர்ஷனில் செய்த கேம்களுக்கும் இல்லை என்றார்கள். அக்டோபரில் தலைமை நிர்வாகி ஜான் ரிச்சிட்டெல்லோ விலகினார். நான் சொன்னதுபோலவே எங்களிடம் ஒரு பைசாவும் கேட்கவில்லை. ஆனாலும் தம்பி சொன்னதுதான் சரி என்று அதற்குள் எனக்குப் புரிந்திருந்தது. ஒரு கேம் செய்ய இரண்டு வருடம் ஆகிறது. காலடியில் உள்ள தரை அதுவரை அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் கோடிங்கின் முதல் வரியையே எழுதுகிறோம்.

ஊருக்குப் போனால் அங்கே வேறு பேச்சு. "பணத்தை விட்டுட்டு உசிரை விடுறாங்கன்னு பேப்பர்ல போடுறானே, அந்தக் கம்பெனியாடா?" என்று பெரியம்மா கேட்டார். ஆன்லைன் ரம்மி பற்றிய செய்திகள்தான் காரணம். தமிழ்நாட்டின் தடைச் சட்டத்துக்கு அந்த ஏப்ரலில்தான் ஆளுநர் ஒப்புதல் தந்திருந்தார். அப்புறம் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி. வந்தபோது, செய்தித் தலைப்புகளில் 'ஆன்லைன் கேமிங்' என்று மட்டும் இருந்தது. எங்களிடம் வேலைக்குத் தேர்வான ஒரு பெண், அப்பா வேண்டாம் என்கிறார் என்று சேராமலே போய்விட்டாள். நல்ல ஆர்ட்டிஸ்ட். சூதாட்டத்துக்கும் எங்கள் வேலைக்கும் ஒரே பெயர் இருந்ததால் அவளை இழந்தோம்.

விளையாடுபவர்களுக்கு அது பொன்னான வருடம். மே மாதம் புதிய செல்டா கேம், ஆகஸ்ட்டில் பால்டர்ஸ் கேட் 3. இரவெல்லாம் அதை விளையாடிவிட்டுச் சிவந்த கண்ணோடு வேலைக்கு வந்தவர்கள் எங்களிலும் உண்டு. செய்பவர்களுக்கோ வேலை போன வருடம். ஃபோர்ட்நைட் கேமைச் செய்த எபிக் நிறுவனம் மட்டும் செப்டம்பரில் சுமார் 830 பேரை அனுப்பியது. நவம்பரில் அந்த அலை எங்கள் மாடிக்கும் வந்தது. வெளிநாட்டு கிளையன்ட் ஒருவர் பாதி வேலையில் புராஜெக்டை நிறுத்திவிட்டார். மூன்று பேர் போக வேண்டியதாயிற்று. அவர்களில் தம்பியும் ஒருவன்.

டிசம்பர் 7ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த கேம் விருது விழாவைப் பார்த்தேன். பால்டர்ஸ் கேட் 3-க்கு ஆண்டின் சிறந்த கேம் விருதை வாங்க வந்த, அதைச் செய்த லாரியன் ஸ்டூடியோவின் ஸ்வென் வின்கே, இறந்துபோன சக ஊழியர்களை நினைத்துப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே இருந்த திரையில் 'பேச்சை முடியுங்கள்' என்று எழுத்து வந்தது. வேலை இழந்த ஆயிரக்கணக்கானவர்களைப் பற்றி, நான் பார்த்தவரை, மேடையில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. அவர்கள் பெயரைச் சொல்ல இரண்டு நிமிடம் ஒதுக்கியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

இன்ஸ்டால் கட்டணத்தை முழுதாகக் கைவிடுவதாக யூனிட்டி சொன்னது சரியாக ஒரு வருடம் கழித்து, 2024 செப்டம்பர் 12 அன்று. செய்தியைத் தம்பிக்கு அனுப்பினேன். "பாத்தேண்ணா. நான் இப்ப கோடோட்லதான் பண்றேன்" என்று பதில் வந்தது. அவன் போவதற்கு முன், இரவுகளில் உட்கார்ந்து எங்கள் கேமின் முதல் இரண்டு லெவலை அதற்கு மாற்றி வைத்திருந்தான். அந்த ஃபோல்டர் எங்கள் சர்வரில் அப்படியே இருந்தது. அடுத்த கேமை அதைத் திறந்துதான் தொடங்கினோம்.