ஒரே ரயில், ரெண்டு கழிமுகம்: எண்ணூரும் பழவேற்காடும்

பொன்னேரி ஸ்டேஷன் வாசலில் நிற்கிற ஆட்டோவில் மட்டும் ஏறிடாதீங்க. பழவேற்காட்டுக்கு எவ்வளவு என்று கேட்டதும், மேலேயும் கீழேயும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எழுநூறு குடு தலைவா, ரிட்டன் காலியாத்தானே வரணும்" என்கிறார். சென்னை தண்டையார்பேட்டையில் இருந்து அதுவரைக்கும் எங்களுக்கு ஆன ரயில் செலவு ஒரு டீ காசு. மச்சான் வேறு, "வெயில்ல யாருடா பஸ்ஸுக்கு நிக்கிறது, ஏறிடலாம்" என்று இழுத்தான். நான் மசியவில்லை. நடந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பழவேற்காடு பஸ்ஸைப் பிடித்தோம். உட்கார இடமில்லை. மீன் விற்றுவிட்டுத் திரும்பும் ஒரு அம்மாவின் காலிக் கூடை வழி நெடுக என் கால்மேல்தான் இருந்தது. பேன்ட் நாற்றம் ரெண்டு துவைப்புக்கும் போகவில்லை. ஆனால் எங்கே சாப்பிடணும் என்று சொன்னதும் அந்த அம்மாதான்!

முதலில் எண்ணூரைச் சொல்லியிருக்கணும். அதே கும்மிடிப்பூண்டி லைன்தான், காலையிலேயே இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த வண்டி பிடித்தோம். கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற முகத்துவாரம். நின்று பார்த்தால் ஒரு பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் கட்டுமரமும் ஃபைபர் படகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து படிந்தது இங்கேதான். ஒரு அண்ணன் தன் படகின் ஓரத்தைக் காட்டினார். பெயின்ட் அடித்த பிறகும் அடியில் கருப்பாக ஒரு கோடு தெரிந்தது. "வலை மொத்தமும் போச்சுபா" என்றார், அதற்குமேல் பேசவில்லை. இடுப்பளவுத் தண்ணியில் ரெண்டு பெண்கள் கையாலேயே துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இதை டூரிஸ்ட் ஸ்பாட் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என்னைக் கேட்டால், ஈசிஆர் கடற்கரைச் சாலையில் காசைக் கொட்டுகிற நம்ம ஊர் ஆட்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இங்கிருந்து பக்கிங்காம் கால்வாய் வடக்கே போய்ச் சேருவதே பழவேற்காடு ஏரியில்தான். தண்ணிக்குத் தண்ணி உறவு, ஆனால் அங்கே இறங்கினால் வேற உலகம். ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. பாலத்தில் நின்றபோது தூரத்தில் பூநாரைக் கூட்டம் ரோஸ் கலரில் கோடு இழுத்த மாதிரி தெரிந்தது. கிட்டே பார்க்கணும் என்றால் நல்ல பைனாகுலர் வேணும். படகுக்கு ஆசைப்படாதீங்க. 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் செத்த பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை. "சும்மா ஒரு ரவுண்டு சார்" என்று ஓரமாக வந்து கூப்பிடுவார்கள், போகாதீங்க.

டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய ஜெல்ட்ரியா கோட்டை இப்போது முள்காடு. கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறை பாதுகாப்பில் நன்றாக இருக்கிறது. வாசலின் ரெண்டு பக்கமும் செதுக்கிய எலும்புக்கூடுகள்! மச்சான் அதைப் போலவே நின்று செல்ஃபி எடுத்தான். இங்கிருந்து கப்பலேறியது துணி மட்டும் இல்லை, அடிமைகளாகப் பிடிபட்ட நம் ஜனங்களும்தான் என்று சொன்னதும் போனை உள்ளே வைத்துவிட்டான்.

இப்போ சாப்பாடு. கூடைக்கார அம்மா சொன்ன வீட்டில் பெயர்ப் பலகை கூடக் கிடையாது, திண்ணையில் இலை போட்டார்கள். நண்டுக் குழம்பு. ஓட்டை உடைக்க ஒரு சின்னக் கல்லைக் கையில் கொடுத்தார்கள். மிளகு தூக்கலாக, தேங்காய் இல்லாமல், கடைசியில் குழம்பை மட்டும் ஊற்றி ரெண்டாம் சோறு. அந்த வீட்டு அண்ணன்தான் பாடு முறையைச் சொன்னார்: ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்களாம். நம்ம தெரு குழாயடிக்கு இதைக் கொண்டுவந்தால் தேவலை.

ரெண்டு பேருக்கும் சேர்த்து அந்த ஆட்டோ கேட்ட காசில் பாதிகூட ஆகவில்லை, சாப்பாடும் சேர்த்து. பூநாரைக்கு என்றால் மார்கழி, தை மாசம் போங்க. சாயங்காலம் பஸ் கூட்டம் தாங்காது. மூணு மணிக்கே கிளம்பிடுங்க, இல்லாட்டி அதே ஆட்டோக்காரரிடம்தான் போய் நிக்கணும்.