பெருமாள் முதலியார் இல்லாத மேடை

தமிழய்யா காலமான செய்தி வாட்ஸ்அப்பில்தான் வந்தது. அன்று இரவே பழைய மாணவர் சங்கச் செயலாளர் கூப்பிட்டு, "நினைவு மலருக்கு நீங்கதான் காக்கா (அண்ணே) எழுதணும். அய்யா நாடகத்துல இருந்தீங்களே" என்றார். இருந்தேன்தான். மேடையில் எந்தப் பக்கம் இருந்தேன் என்பது அவருக்கு ஞாபகம் இல்லை போலிருக்கிறது.

அய்யாவின் சிவாஜி பைத்தியம் நம்மில் யாருக்கும் புதிதல்ல. நன்னூல் நடத்தினாலும் கடைசிப் பத்து நிமிஷம் வி. சி. கணேசனுக்குத்தான். 1928-இல் விழுப்புரத்தில் பிறந்த பையன், வீட்டை விட்டுக் கிளம்பி யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்தது, சீதை வேஷம் கட்டியது, அண்ணா எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னனாக வந்ததைப் பார்த்துப் பெரியார் 'சிவாஜி' என்று பெயர் சூட்டியது எல்லாம் பாடத்திட்டத்தில் இல்லை. ஆனால் திருக்குறளைவிட நமக்கு அதுதான் மனப்பாடம்.

பராசக்தி கதை வந்தால் மணி அடித்தாலும் யாரும் எழுந்திருக்க மாட்டோம். நாடகத்திலிருந்து வந்த ஒல்லியான பையன். ஏவி.எம். செட்டியாருக்கு ஆள் பிடிக்கவில்லை, மாற்றிவிடலாம் என்கிறார். தயாரிப்பாளர் வேலூர் பி. ஏ. பெருமாள் முதலியார் மட்டும் இவன்தான் நாயகன் என்று பிடிவாதமாக நிற்கிறார். 1952 தீபாவளிக்குப் படம் வந்தது. அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். பெரிய நடிகரான பிறகும் பொங்கலுக்குப் பொங்கல் சிவாஜி முதலியாரைத் தேடிப் போய்ச் சீர் கொடுத்து வணங்கிவிட்டு வருவார் என்று சொல்லும்போது அய்யாவுக்குத் தொண்டை அடைக்கும். "ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பெருமாள் முதலியார் வேணும்டா" என்பார்.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஆண்டு விழாவுக்குக் கட்டபொம்மன் என்று முடிவானது. சிவாஜி அதை முதலில் மேடையில் நடித்தார், 1959-இல் படமாக வந்தது, மறு வருஷம் கெய்ரோவில் ஆசிய ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். இதைச் சொல்லிவிட்டு அய்யா எங்களை பஸ்ஸில் ஏற்றி ராமநாதபுரம் அரண்மனைக்குக் கூட்டிப் போனார். ராமலிங்க விலாசத்தின் தூண்களுக்கு நடுவே நிறுத்தி, "1798 செப்டம்பர்ல ஜாக்சன் துரை கட்டபொம்மனை வரச் சொல்லி, மூணு மணி நேரம் உட்காரச் சொல்லாம நிக்க வச்சது இங்கதாண்டா" என்றார். கீழக்கரையில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு, சினிமாவில் பார்த்த அந்தச் சந்திப்பு பக்கத்து ஊரில் நடந்தது என்பதே அன்றுதான் தெரியும். சுவர் ஓவியங்களை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கட்டபொம்மன் வேஷம் எனக்கு. வாப்பா கொழும்பில் இருந்தார். ஊரில் இருந்திருந்தால் கூத்தாட விட்டிருக்க மாட்டார். தினமும் பள்ளி விட்டதும் கொட்டகையில் ஒத்திகை. அய்யா சாக்பீஸ் தூள் படிந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்து காட்டுவார். குதிகாலை ஊன்றி, தோளை அசைக்காமல், பார்வை மட்டும் திரும்ப வேண்டும். வசனத்தை மூச்சு விடும் இடம் பார்த்துப் பென்சிலால் கோடு போட்டுக் கொடுப்பார். அட்டைக் கத்திக்கு சிகரெட் பெட்டித் தாளை ஒட்டியது நான்தான்.

விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது எனக்கு மகரக்கட்டு வந்துவிட்டது, அதாவது குரல் உடைந்துவிட்டது. வரி கேட்கும் துரையை எதிர்த்து முழங்க வேண்டிய இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. மொத்தக் கொட்டகையும் சிரித்தது. அய்யா சிரிக்கவில்லை. "இந்தத் தொண்டை மீன் ஏலம் கூறத்தாண்டா லாயக்கு" என்று சொல்லி, கையிலிருந்த நோட்டை வாங்கி பத்தாம் வகுப்புப் பையனிடம் கொடுத்தார். பாய்ஸ் கம்பெனிகளில் மகரக்கட்டு வந்த பையன்களின் கதி என்ன என்று அவரே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். நேற்றுவரை ராஜபார்ட், இன்று கூட்டத்தில் ஒருத்தன். எனக்காகப் பேச ஒரு முதலியாரும் அன்று கொட்டகையில் இல்லை.

சரி, சைடில் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கிற வேலை கிடைத்தது. விழா அன்று கடல் காற்று திரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. ஜாக்சன் முன்னால் வந்ததும் புதுக் கட்டபொம்மனுக்கு வாய் வரவில்லை. நான் மெதுவாகச் சொன்னேன், காதில் விழவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். பிறகு கத்தினேன். கட்டபொம்மன் வாயை மட்டும் அசைக்க, உடைந்த குரலில் முழு வசனமும் சைடிலிருந்து போனது. கைதட்டலா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது. அந்த வருஷம் முழுக்க எனக்குப் பெயர் 'ஏலம்'. உங்களில் சிலர் இப்போதும் அப்படித்தான் கூப்பிடுகிறீர்கள்.

2001 ஜூலையில் சிவாஜி இறந்தபோது நான் துபாய் தேராவில், ஆறு பேர் தங்கிய அறையில் இருந்தேன். டிவியில் செய்தி பார்த்ததும் காலிங் கார்டு வாங்கி அய்யாவுக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை. அப்புறம், "குரல் நல்லா கனத்துப் போச்சேடா. இப்ப இருந்தா உன்னையத்தான் போடுவேன்" என்றார். எப்போது வருகிறாய் என்று கேட்டார். அடுத்த லீவுக்கு என்றேன். லீவுகள் வந்தன. கல்யாணம், மனை பத்திரம், உம்மாவின் கண் ஆபரேஷன் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொன்றுக்குப் போனது. அவர் வீட்டுத் தெரு வழியாகவே காரில் போயிருக்கிறேன்.

ஷார்ஜாவில் வளர்ந்த என் மகனுக்கு யூடியூபில் கட்டபொம்மன் ஜாக்சனை எதிர்த்து முழங்கும் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். "ஏன் வாப்பா இவ்வளவு கத்துறாரு?" என்றான். மிகை நடிப்பு என்று சொல்லும் பெரியவர்களிடமே நான் வாதாடுவதில்லை. மைக்கை நம்பாமல் கடைசி வரிசைக்கும் கேட்கப் பழகிய நாடகத் தொண்டை அது என்று மட்டும் சொன்னேன். அய்யா சொன்னதைத்தான் சொன்னேன். அவர் சொன்ன மாதிரி சொல்ல வரவில்லை.

அய்யா பெயரில் கலையரங்கம் கட்டச் சங்கம் நிதி கேட்டிருக்கிறது. என் பங்கை அனுப்பிவிட்டேன். கட்டடக் கமிட்டிக்கு ஒரு விண்ணப்பம்: மேடையைக் கடலைப் பார்க்க வைத்துவிடாதீர்கள். அந்தக் காற்றில் சைடில் இருப்பவன் என்ன கத்தினாலும் நடிக்கிறவனுக்குக் கேட்காது.