டச்பார்ப் பக்கம் வீடு கட்ட அனுமதி எடுத்த அனுபவம்

மட்டக்களப்பில் வீடு கட்டப் போகிறவர்கள் முதலில் பிளான் கீற ஆளைத் தேடாதீர்கள். உங்கள் காணியிலிருந்து கடல் எவ்வளவு தூரம், வாவி எவ்வளவு தூரம் என்று பாருங்கள். அம்மாவின் சீதனக் காணியில் சின்னதாக ஒரு வீடு கட்ட அனுமதி எடுத்து முடித்த பிறகு, யார் கேட்டாலும் நான் சொல்வது இதைத்தான்.

எங்கள் காணி கல்லடிப் பக்கம், டச்பாருக்கும் நாவலடிக்கும் இடையில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு மணல் திட்டு, அவ்வளவுதான். நகரத்தின் மையமான புளியந்தீவே ஒரு தீவு என்பதால் அங்குள்ள எந்த அலுவலகத்துக்குப் போவதென்றாலும் கல்லடிப் பாலத்தைத் தாண்ட வேண்டும். 1924இல் வந்த பழைய பாலம் பக்கத்தில் அப்படியே நிற்க, வாகனங்கள் 2013இல் திறந்த புதுப் பாலத்தில் ஓடுகின்றன. வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். அதற்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. தண்ணீர் இப்படிப் பிரித்த ஊரில் நிர்வாகமும் துண்டு துண்டுதான்: கல்லடி மாநகர சபைக்குள், தெற்கே கொஞ்சத் தூரத்தில் காத்தான்குடி நகர சபை, அப்புறம் ஆரையம்பதி போனால் மண்முனைப் பற்று பிரதேச சபை, வாவியைத் தாண்டி வவுணதீவு போனால் மண்முனை மேற்கு.

இதில் பலரும் குழம்புவது மாநகர சபையையும் பிரதேச செயலகத்தையும் ஒன்றாக நினைத்து. சபைக்கு நாம் வாக்குப் போடுகிறோம், சோலைவரி (வீடு, காணிக்கான வரி) கட்டுகிறோம், கட்டட அனுமதி தருவதும் அதுதான். பிரதேச செயலகம் மத்திய அரசின் கை, ஜீ.எஸ்.ஸின் (கிராம சேவகரின்) வதிவிடச் சான்றிதழ், அரச காணி விவகாரம் எல்லாம் அந்தப் பக்கம்.

காணி உறுதி, சேவெயர் பிளான், சோலைவரி ரசீது எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு மாநகர சபைக்குப் போன என்னிடம், கருமபீடத்தில் இருந்த அக்கா காணி எங்கே என்று மட்டும் கேட்டார். சொன்னதும், “புள்ள, முதல்ல கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்துக்குப் போங்க, மறுகா இங்க வாங்க” என்றார். அந்த ஒரு வார்த்தையால் எனக்கு எவ்வளவோ அலைச்சல் மிச்சம்.

சட்டப்படி கடலின் உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப் பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். 2011 திருத்தத்துக்குப் பிறகு, கடலோடு தொடுக்கும் வாவியின் ஓரத்திலும் 100 மீற்றர் அதற்குள் வருகிறது. எங்கள் காணி இரண்டுக்குள்ளும் விழுந்தது. வந்த உத்தியோகத்தர் இராவணன் மீசைப் புல் படர்ந்த மணலிலிருந்து நாடா பிடித்து அளந்தார், பிறகு வாவிப் பக்கம் கண்ணா (சதுப்புநில மரம்) பற்றை வரை நடந்துபோய்ப் பார்த்தார். எவ்வளவு பின்தள்ளிக் கட்ட வேண்டும் என்பது தெரிந்த பிறகுதான் நாங்கள் பிளானே கீறினோம்.

இந்த விதிகளை வீண் கரைச்சல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 2004 சுனாமியில் நாவலடி எப்படி அழிந்தது என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். மிஞ்சியவர்களில் பலரைத் திராய்மடுவில் குடியேற்றினார்கள். வடகிழக்கில் 200 மீற்றருக்குள் கட்டவே கூடாது என்று முதலில் சொல்லி, பின்னர் தளர்த்தினார்கள். தளர்த்தியிருந்தாலும் கடல் அதே கடல்தானே? வாவியையும் லேசாக நினைக்க முடியாது. மாரியில் பெருகினால் பாலமீன்மடு முகத்துவாரத்தை வெட்டித்தான் தண்ணீரை இறக்க வேண்டும், அதை எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரருக்கும் மீன்பிடிகாரருக்கும் ஒத்துவராது. 2011 ஜனவரி வெள்ளத்தை நினைத்து அத்திவாரத்தை உயர்த்திப் போட்டோம்.

கரையோர அனுமதி கைக்கு வந்த பிறகு சபையில் வேலை சீராகப் போனது. வீதி எல்லைச் சான்றிதழ் எடுத்தோம், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடைவெளி பார்த்தார் (மணல் தரை, கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர், அதனால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது), பிறகு திட்டமிடல் குழு.

இடையில் ஓர் அலுவலகத்தில் மட்டும் கோப்பு அசையவில்லை, எப்போது போனாலும் சம்பந்தப்பட்டவர் லீவு. கடைசியில் 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்டேன். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலைநாட்களுக்குள் அவர்கள் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்பே கோப்பு நகர்ந்துவிட்டது. சண்டை பிடிக்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள், பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

அனுமதி குறிப்பிட்ட காலத்துக்குத்தான். வேலை முடியாவிட்டால் காலாவதியாகும் முன்பே நீடிக்கக் கேளுங்கள். கட்டி முடிந்ததும் சி.ஓ.சி. எனும் இணக்கச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க மறக்காதீர்கள், பிளானில் உள்ளபடி கட்டினீர்களா என்று வந்து பார்த்துத்தான் அதைத் தருவார்கள்.